கண்ணால் கண்ட குழந்தைகள்: எந்தப் பட்டியலிலும் இடமில்லை

புது தில்லி: "ஆபரேஷன் சிந்தூர்' ராணுவ நடவடிக்கை குறித்து 2025 ஜூலை இறுதியில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்பு விவாதம் நடைபெற்றது. ஜூலை 29-ம் தேதி மக்களவையில் பேசிய காங்கிரஸ் உறுப்பினர் பிரியங்கா காந்தி வத்ரா, பஹல்காமில் ஏப்ரல் 22-ம் தேதி பயங்கரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்ட 26 பேரில் இந்தியர்களான 25 பேரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஆளும் தரப்பிலிருந்து "இந்து' என்றும், எதிர்த்தரப்பிலிருந்து "இந்தியர்' என்றும் குரல் எழுந்தது.

உளவுத் தகவல் சேகரிப்பில் நேர்ந்த பிழை என்ன, சண்டை நிறுத்தத்தை முதலில் அறிவித்தவர் யார், வெளியுறவுக் கொள்கை வென்றதா தோற்றதா என்று விவாதம் நீண்டது. நாடாளுமன்றத்தில் நடக்க வேண்டிய விவாதம்தான் அது; குறை சொல்வதற்கில்லை. ஆனால், அன்று வாசிக்கப்பட்ட பெயர்களுக்கு உரியவர்களில் பலர் தம் மனைவி, மக்கள் கண்ணெதிரிலேயே சுடப்பட்டவர்கள். அந்தப் புல்வெளியில் நின்றிருந்த குழந்தைகளுக்கு என்று ஒரு பட்டியல் எங்கும் வாசிக்கப்படவில்லை. அப்படியொரு பட்டியலை வைத்திருக்கும் வழக்கம் நம் நிர்வாகத்துக்கு இல்லை.

இதை விளங்கிக்கொள்ள, மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான மத்திய உள்துறையின் விதிமுறைப் பட்டியலைப் புரட்டினால் போதும். உயிரிழந்தவர் குடும்பத்துக்கு ரூ. 4 லட்சம். கையோ, காலோ, கண்ணோ இழந்தவருக்கு ஊனத்தின் விழுக்காட்டுக்கு ஏற்ப ஒரு தொகை. மருத்துவமனையில் ஒரு வாரத்துக்கு மேல் சிகிச்சை பெற்றவருக்கு ஒரு தொகை. ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பியவருக்கு அதனினும் குறைந்த ஒரு தொகை. ஆடு, மாடு, படகு, வலை ஆகியவற்றுக்கும் தனித்தனி விகிதம் உண்டு. உடலில் சிறு கீறல்கூட இல்லாமல், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிற்கும் நான்கு வயதுக் குழந்தை இந்த உதவித்தொகைப் பட்டியலின் எந்தப் பத்தியிலும் வராது.

பணம் கொடுத்துத் தீர்க்கும் துயரம் அல்ல அது என்பது உண்மையே. ஆனால், அரசு இயந்திரம் எதைக் கணக்கெடுக்கிறதோ அதைத்தான் கவனிக்கும். கணக்கில் வராத குழந்தையைத் தேடி எந்த அதிகாரியும் இரண்டாம் முறை வருவதில்லை.

பாஹாநாகாவில் இடிக்கப்பட்ட பள்ளி

அண்மைக் காலத்தில் இந்தப் பிரச்சினை நாட்டின் கவனத்துக்கு வந்த அபூர்வமான தருணம் ஒன்று உண்டு. 2023 ஜூன் 2-ம் தேதி மாலை, ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் உள்ள பாஹாநாகா பஜார் ரயில் நிலையம் அருகே, ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. யஷ்வந்த்பூர் - ஹவுரா ரயிலும் விபத்தில் சிக்கியது. 290-க்கும் அதிகமானோர் மாண்டனர். அத்தனை உடல்களை வைக்க அருகில் இடம் ஏது? ரயில் பாதைக்குப் பக்கத்திலிருந்த உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறைகளே தற்காலிகப் பிணவறை ஆயின.

உடல்கள் பின்னர் பாலசோருக்கும் புவனேசுவரத்துக்கும் கொண்டு செல்லப்பட்டன. வகுப்பறைகள் கழுவிச் சுத்தம் செய்யப்பட்டன. கோடை விடுமுறை முடியும் நேரம். பிள்ளைகள் அந்தக் கட்டடத்துக்குள் காலடி வைக்க மறுத்தனர். பெற்றோரும் அனுப்ப மறுத்தனர். பயத்தையும் மூடநம்பிக்கையையும் பரப்ப வேண்டாம் என்று மாவட்ட நிர்வாகம் கேட்டுக்கொண்டது. இறுதியில் பள்ளி நிர்வாகக் குழுவின் கோரிக்கை ஏற்கப்பட்டு, பல பத்தாண்டுகள் பழைமையான அக்கட்டடத்தை இடிக்கும் பணி ஜூன் 9-ம் தேதி, அதாவது விபத்து நடந்த ஒரு வாரத்தில், தொடங்கியது.

தலைநகரின் ஆங்கிலத் தொலைக்காட்சிகள் சிலவற்றில் இது பகுத்தறிவுக்கும் மூடநம்பிக்கைக்கும் இடையிலான வழக்காகவே பேசப்பட்டது. இந்தச் செய்தியாளருக்கு அப்படித் தோன்றவில்லை. நேற்று வரை தான் உட்கார்ந்து எழுதிய இடத்தில் பிணங்கள் கிடந்ததை அறிந்த பிள்ளைக்கு அந்த அறை மீண்டும் வகுப்பறை ஆகச் சில காலம் பிடிக்கும். அதைப் பேய் பயம் என்று தள்ளிவிடுவது எளிது. அதே நேரத்தில், அவசரமாக இடித்துத் தள்ளுவதிலும் ஓர் ஆபத்து உண்டு. "நீ பயந்தது சரிதான்; அங்கே ஏதோ இருந்தது' என்று பெரியவர்களே ஒப்புக்கொண்டதாகக் குழந்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனாலும், இந்த விவகாரத்தில் ஒன்று நல்லவிதமாக நடந்தது: பிள்ளைகள் சொன்னதை ஊர் கேட்டது, ஊர் சொன்னதை அரசு கேட்டது.

அவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், "பயமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள். அவர்களுக்குக் கீழே, சொல்லத் தெரியாத வயதில் இருப்பவர்களின் நிலைதான் கடினமானது.

சொல்லத் தெரியாத வயது

மூன்று வயதுக் குழந்தை தன் அச்சத்தைச் சொல்லால் வெளிப்படுத்துவதில்லை. நின்றுபோயிருந்த பழக்கம் திரும்பிவந்து, இரவில் படுக்கையை நனைக்கும். தாயின் சேலைத் தலைப்பை விடாது. சீராகப் பேசிக்கொண்டிருந்தது மழலைக்குத் திரும்பும், அல்லது பேச்சே குறைந்துபோகும். வயிற்றுவலி என்று அழும். மருத்துவர் பார்த்தால் வயிற்றில் கோளாறு ஒன்றும் இராது. பொம்மை ரயிலை மோதவைத்துக் கவிழ்க்கும். மறுபடி நிறுத்தி, மறுபடி கவிழ்க்கும். பார்ப்பவர்களுக்கு அது அமங்கலமாகத் தெரிகிறது, "என்ன விளையாட்டு இது?' என்று பொம்மையைப் பிடுங்கிவிடுகிறார்கள். உண்மையில், தான் கண்டதைக் குழந்தை தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, குழந்தை சிரித்து விளையாடுவதைக் கண்டு, "அதற்கென்ன தெரியும்? மறந்துவிட்டது' என்று முடிவு கட்டுவது. சிறு குழந்தைகள் துயரத்தைத் தொடர்ந்து சுமப்பதில்லை. சற்று நேரம் அழும். சற்று நேரம் ஓடியாடும். இரவு விளக்கை அணைத்தால் மறுபடி அழும்.

இன்னொன்று, எளிதில் கண்ணுக்குப் படாதது. உலகில் நடப்பவை எல்லாம் தன்னால் நடப்பவை என்று எண்ணும் வயது அது. "அன்று காலையில் நான் அடம்பிடித்தேன், அதனால்தான் அப்பா வரவில்லை' என்று ஒரு குழந்தை தனக்குள் முடிவு செய்து வைத்திருக்கக்கூடும். கேட்காமல் அது வெளியே வராது. "உன்னால் இல்லை' என்று ஒரு முறை சொன்னால் போதாது, பல நாள்கள் சொல்ல வேண்டியிருக்கும்.

இறந்தவரைப் பற்றி நாம் சொல்லும் ஆறுதல் பொய்களையும் இங்கே பேச வேண்டும். "அப்பா தூங்குகிறார்' என்று சொல்லப்பட்ட குழந்தை, தூங்கப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்கிறார்' என்று சொல்லப்பட்ட குழந்தை வாசலில் காத்திருக்கும், வராதபோது, தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டதாக நினைக்கும். "இறந்துவிட்டார், இனி அவர் உடம்பு அசையாது, வலிக்காது, அவரால் திரும்பி வர முடியாது, உன்னை நான் பார்த்துக்கொள்வேன்' என்று குழந்தைக்குப் புரியும் சொற்களில் உண்மையைச் சொல்வதே நல்லது என்பது மனநல மருத்துவர்களின் பொதுவான கருத்து. நம் வீடுகளில் இதைச் சொல்ல யாருக்கும் நா எழுவதில்லை. ஏனெனில், சொல்ல வேண்டியவரும் அதே நாளில் கணவனையோ மகனையோ இழந்தவராகவே இருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் சில பொதுவான பழக்கங்களை வெளிப்படையாகவே மறுக்கின்றன. அதிர்ச்சிக்கு உள்ளானவரை உடனே உட்காரவைத்து, நடந்ததை எல்லாம் சொல்லவைக்கும் முறை கூடாது. குழந்தைகளுக்குத் தூக்கத்துக்காகவோ பதற்றத்துக்காகவோ பென்சோடயசிபின் வகை மாத்திரைகளைத் தரக் கூடாது. படுக்கையை நனைக்கும் குழந்தையைத் தண்டிக்கக் கூடாது. இது இயல்பு என்பதை வளர்ப்பவர்களுக்கு விளக்க வேண்டும். மருந்துச் சீட்டு எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம் தரும் பட்டியல்தான்.

தேவைப்படுவன மிகச் சாதாரணமானவை. நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குத் தூக்கம், தெரிந்த முகம், விளையாட இடம், திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரே கேள்விக்குச் சலிக்காத ஒரே பதில், தொலைக்காட்சியில் அதே காட்சி மீண்டும் மீண்டும் ஓடாமை. பெரும்பாலான குழந்தைகள் இவற்றாலேயே சில வாரங்களில் தேறிவிடுகின்றன. ஒரு மாதத்துக்குப் பிறகும் உறக்கமும் உணவும் பேச்சும் சீரடையாத குழந்தையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சிரமம் என்னவென்றால், பேரழிவு முதலில் பறித்துக்கொள்வது இந்தச் சாதாரணங்களைத்தான்.

இவற்றுள் தலையானது தெரிந்த முகம். 2008 நவம்பரில் மும்பை நரிமன் இல்லத்தில் பெற்றோர் கொல்லப்பட, 2 வயது யூதக் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தார் அதன் இந்தியப் பணிப்பெண். அவர் செய்ததில் நாம் பாராட்டியது அந்த ஓட்டத்தை. ஆனால், குழந்தை இஸ்ரேலுக்கு அனுப்பப்பட்டபோது அவரும் உடன் சென்றார், அங்கேயே தங்கினார். 2010-ல் அந்நாடு அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. பெற்றோரையும் வீட்டையும் ஒரே இரவில் இழந்து, மொழி வேறான நாட்டுக்குப் போன குழந்தைக்கு ஒரே ஒரு கை மட்டும் மாறாமல் இருந்தது. பேரிடர் முகாமிலிருந்து குழந்தைகளைக் காப்பகத்துக்கு அனுப்பக் கையெழுத்திடும் அதிகாரிகள் இதை நினைவில் கொள்வது நல்லது. அத்தையோ, பாட்டியோ, பக்கத்து வீட்டுக்காரியோ, குழந்தை கை நீட்டும் ஒருவர் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் தேட வேண்டும்.

போபாலிலிருந்து நாகை வரை

இவற்றை எல்லாம் வெளிநாட்டு நூல்களைப் பார்த்துத்தான் நாம் அறிய வேண்டும் என்பதில்லை. 1984 டிசம்பரில் போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு முதலில் விரைந்த மருத்துவக் குழுக்களில் மனநல மருத்துவர்கள் இல்லை. அடுத்த ஆண்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தினர் அங்கு சென்று, சாதாரண மருத்துவ அதிகாரிகளுக்கே மனநலப் பயிற்சி அளித்தனர். நிபுணர்கள் போதாத நாட்டில், கையில் இருப்பவர்களைப் பயிற்றுவிப்பதே வழி என்னும் பாடம் அப்போது கற்றது. 1993 லாத்தூர் நிலநடுக்கம், 1999 ஒடிசா பெரும்புயல், 2001 குஜராத் நிலநடுக்கம் என்று அது வளர்ந்தது. 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் தன்னார்வலர்களும் இவ்வாறு பயிற்றுவிக்கப்பட்டனர்.

சுனாமியின் விளைவாகவே நாடாளுமன்றம் 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின் கீழ் அமைந்த தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், பேரிடர்க் கால மனநல உதவிக்கென்றே 2009-ல் தனி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆக, ஏட்டில் குறை இல்லை.

நாகை என்றதும் இந்தச் செய்தியாளருக்கு ஒரு குற்ற உணர்வு தலைதூக்கும். 2005 ஜனவரியில், பணியில் சேர்ந்த புதிதில், நாகை மாவட்ட முகாம் ஒன்றில் ஐந்து வயது மதிக்கத்தக்க சிறுவனிடம் "என்ன பார்த்தாய்?' என்று கேட்டவர்களில் இவரும் ஒருவர். சிறுவன் சொன்னான். புகைப்படக்காரர் சரியாக அமையவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு வேறொரு நாளிதழ். பிறகு ஒரு தொலைக்காட்சி. நான்காவது முறை, கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளியில் பாட்டு ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் ஒப்பித்தான். எல்லோரும் அவனுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். குறிப்பேட்டில் எழுதிய செய்தி மறுநாள் வெளியாகி, ஆசிரியரிடம் பாராட்டும் கிடைத்தது. அந்தப் பையனுக்கு இப்போது இருபத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும்.

இருபது ஆண்டுகளில் தொழில் திருந்திவிட்டதாகச் சொல்ல முடியாது. பஹல்காமுக்குப் பிறகும், தந்தையை இழந்த சிறுவர்களின் வாய்க்கு நேரே ஒலிவாங்கிகள் நீண்டன. அந்தக் காட்சிகள் கைப்பேசிகளில் நாடு முழுவதும் சுற்றின. இத்தனைக்கும் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-வது பிரிவில், குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை மட்டுமல்ல, குற்றத்தைக் கண்ட சாட்சியான குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றையும் விசாரணை குறித்த செய்திகளில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ. 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கூண்டில் ஏறும் குழந்தை

செய்தியாளர்கள் போன பிறகு காவல் துறை வரும். அதன் பின் நீதிமன்றம். பயங்கரவாதத்தையும் ரயில் விபத்தையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நான்கு சுவர்களுக்குள் தாய் தாக்கப்படுவதைப் பார்த்து நிற்கும் குழந்தைக்கு முகாமும் இல்லை, அமைச்சர் வருகையும் இல்லை. பல வழக்குகளில் அதுவே ஒரே சாட்சி.

சாட்சி சொல்லக் குறைந்தபட்ச வயது என்று இந்தியச் சட்டம் எதையும் வைக்கவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு அறிவுக்கு ஒத்த பதிலைத் தர முடிந்தால் போதும். பழைய சாட்சியச் சட்டத்தின் 118-வது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 124-வது பிரிவாகத் தொடர்கிறது. அந்தக் குழந்தை எந்த அறையில், யார் முன்னால், எத்தனை முறை சொல்ல வேண்டும் என்பதுதான் கேள்வி. எதிரே நிற்பது அதன் தந்தையாகவே இருக்கலாம்.

தலைநகரில் கர்கர்டூமா நீதிமன்ற வளாகத்தில் 2012-ல் இத்தகைய சாட்சிகளுக்கென நாட்டிலேயே முன்னோடியான ஒரு தனி வளாகம் திறக்கப்பட்டது. தனி நுழைவாயில், காத்திருக்கும் அறையில் பொம்மைகள், குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படாத ஏற்பாடு. உச்ச நீதிமன்றம் 2017-ல் ஒவ்வோர் உயர் நீதிமன்ற எல்லையிலும் குறைந்தது இரண்டு மையங்கள் வேண்டும் என்றது. 2022 ஜனவரியில் அதை விரிவுபடுத்தி, மேற்பார்வைக்கு ஓய்வு பெற்ற நீதிபதி கீதா மிட்டல் தலைமையில் குழு அமைத்தது. ஒரே விஷயத்துக்கு ஐந்து ஆண்டுகளில் இரண்டு உத்தரவுகள் தேவைப்பட்டன என்பதிலிருந்தே வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

யார் பார்த்துக்கொள்வது?

மனநலம் குறித்து 2023-ல் அறிக்கை அளித்த நாடாளுமன்ற நிலைக்குழு, நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு 0.75 மனநல மருத்துவர்களே உள்ளதைச் சுட்டிக்காட்டியது. குழந்தைகளுக்கென்றே பயின்றவர்கள் அவர்களிலும் மிகச் சிலர். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய "டெலி-மானஸ்' தொலைபேசிச் சேவை (எண் 14416) தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் இயங்குகிறது, பயனுள்ள ஏற்பாடு. ஆனால், நான்கு வயதுக் குழந்தை தொலைபேசியில் அழைக்காது. அதற்காக அழைக்க வேண்டியவருக்கு, குழந்தை படுக்கையை நனைப்பதும் மூன்று வாரங்களுக்கு முன் நடந்ததும் தொடர்புடையவை என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதை அறியக்கூடிய இடத்தில் இருப்பவர் அங்கன்வாடிப் பணியாளர். நாட்டில் சுமார் 14 லட்சம் அங்கன்வாடி மையங்கள் உள்ளன. எந்தக் குழந்தை முன்பு எப்படிச் சாப்பிட்டது, எப்படிப் பேசியது, யாரோடு விளையாடியது என்பது அவருக்குத்தான் தெரியும். மாற்றத்தை முதலில் காணப்போவதும் அவரே. எடை, உயரம், சத்துமாவு, தடுப்பூசி என்று அவர் நிரப்ப வேண்டிய பதிவுகள் ஏற்கெனவே ஏராளம். இதையும் அவர் தலையில் கட்டுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லைதான், ஊதியம் என்று கூடச் சொல்லாமல் "மதிப்பூதியம்' என்று ஒரு தொகையை அவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் நிலையில் நிச்சயமாக நியாயமில்லை. ஆயினும் வேறு ஆள் இல்லை. பயிற்சிக்கும் ஊதியத்துக்கும் மத்திய, மாநில அரசுகள் வழி காண வேண்டும் என்பதுதான் அவையில் எழ வேண்டிய கோரிக்கை.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வயநாட்டைப் பார்க்கலாம். 2024 ஜூலை 30-ம் தேதி அதிகாலை நிலச்சரிவில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் அழிந்தன. 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுநாள் நாடாளுமன்றத்தில் முன்னெச்சரிக்கை தரப்பட்டதா, இல்லையா என்பதே பெரும் சர்ச்சை. அங்கே வெள்ளார்மலை அரசுப் பள்ளி சிதைந்து கிடந்தது. மாணவர்களில் பலர் உயிருடன் இல்லை. கேரள அரசு அப்பள்ளியின் பிள்ளைகளை மேப்பாடியில் உள்ள அரசுப் பள்ளிக்கு மாற்றி, செப்டம்பர் 2-ம் தேதி வகுப்புகளைத் தொடங்கியது. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஜூன் மாதம் நடக்கும் பிரவேசனோத்சவத்தை அவர்களுக்காக இரண்டாம் முறை நடத்தினார்கள். தோரணம் கட்டி, புதிய புத்தகப் பைகள் கொடுத்து வரவேற்றனர். பிள்ளைகளைத் தனித்தனியாகப் பல பள்ளிகளுக்குச் சிதறடிக்காமல், அதே வகுப்புத் தோழர்களோடும் அதே ஆசிரியர்களோடும் சேர்த்து உட்காரவைத்ததுதான் அதில் முக்கியமானது.

வகுப்பில் யார் வரவில்லை என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. ஆசிரியர்களும் அந்த மலைச்சரிவில் உறவினரையும் மாணவரையும் இழந்தவர்கள். மேப்பாடியில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கும். ஓட்டின் மேல் மழை வலுக்கும் நாளில் கீழ் வகுப்புக் குழந்தைகள் சன்னலைப் பார்ப்பார்கள். அந்த நாளுக்கு வகுப்பில் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும். பள்ளிப் பேருந்தில் ஒரு பெரியவர் உடன் வர வேண்டும். வீட்டுக்குத் தகவல் சொல்ல ஏற்பாடு வேண்டும். இதற்கு ஆகும் செலவு எந்த நிவாரணப் பட்டியலிலும் பெரிய தொகையாகத் தெரியாது.